நூற்றிருபதாவது புள்ளி

கையிலிருக்கும் ஜிபிஎஸ் கருவி நாலு மீட்டர் பிழை என்கிறது, பிறகு மூன்று என்கிறது, மறுபடியும் நாலு என்கிறது, அதற்கே ஒரு தீர்மானம் இல்லை, எனக்கு மட்டும் எங்கிருந்து வரும். நேரில் போய்ச் சரிபார்க்க வேண்டிய நூற்றிருபதாவது புள்ளி இதுதான். நூற்றுப்பத்தொன்பது முடித்தாயிற்று, இந்த ஒன்றும் முடிந்தால் மதுரைக்குப் போய் நல்ல காப்பியாகக் குடித்துவிட்டுச் சென்னைக்கு ரயிலேறலாம் என்று காலையில்கூட நினைத்துக்கொண்டிருந்தேன். டிரைவர் நாகலிங்கம் அண்ணன் கண்மாய்க் கரையில் என்னை இறக்கிவிட்டு, பின் டயரில் காற்று இறங்குது மேடம், முதுகுளத்தூரில் பஞ்சர் பார்த்துட்டு ஒரு மணி நேரத்தில் வந்துர்றேன் என்று போய்விட்டார். நான் அம்புக்குறி காட்டிய திசையில் நேராக நடந்தேன். புள்ளிக்குப் போகிறவர்கள் வரப்பைத் தேடுவதில்லை, குறுக்கே நடந்துவிடுவதுதான் எங்கள் வழக்கம், ஷூவுக்குள் புழுதி இறங்க இறங்க அப்படியே நடந்து, கருவி பீப் என்று சொன்ன இடத்தில் தலையைத் தூக்கினால் எதிரே தெற்கு மூலையில் அந்த ஒற்றை உடைமரம். அதன் கிளையில் ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துக் கட்டியிருக்கிறது, மயில் வந்தால் தட்டி விரட்ட. அதன் வாயில் வழிந்து காய்ந்திருக்கும் அந்த நீலம் எனக்குத் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் அக்கா வீட்டுக் கதவுக்கு அடித்த நீலம், கதவு மாதிரியா இருக்கு, போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இருக்கு என்று அக்காவே சொல்லிச் சிரித்த நீலம். இது வடக்கூரணி. இது என் அக்கா முத்துராக்கின் வயல். எப்போதும் ரோட்டுப் பக்கமிருந்தே வந்து பழகியவள் இன்றைக்குப் பின்பக்கமாக நுழைந்ததில் சொந்த ஊர் எனக்கே அடையாளம் தெரியாமல் போயிருக்கிறது. புள்ளிகளுக்கு எண்தான் இருக்க வேண்டும், ஊர்ப்பெயர் இருக்கக் கூடாது, இருந்தால் போகிறவர்கள் முன்கூட்டியே ஒரு முடிவோடு போவார்கள் என்று விதி எழுதியதும் நான்தான். நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன்.

நாலு மீட்டர் பிழை என்றால் நாலு மீட்டர் தள்ளி நின்றாலும் அது இதே புள்ளிதான். நாலு மீட்டரில் வரப்பு வருகிறது, வரப்பைத் தாண்டினால் வேறு யாருடைய வயலோ. அங்கே போய் நின்று, கருவியை ஆகாயத்துக்குக் காட்டிக் கொஞ்சம் கெஞ்சினால் புள்ளி அந்தப் பக்கம் நகர்ந்துவிடும், யாரும் கேட்கப்போவதில்லை. உறவினர் நிலத்தில் புள்ளி விழுந்தால் வேறு ஆள் போக வேண்டும் என்றும் ஒரு விதி இருக்கிறது, அதை நான் எழுதவில்லை. ஆனால் வேறு ஆள் இல்லை, இருந்த இரண்டு பேரும் காய்ச்சல் என்று போன வாரமே ஊருக்குப் போய்விட்டார்கள். வெள்ளிக்கிழமை அறிக்கையை ஒப்படைக்க வேண்டும். செல்போன் திரையில் ஐந்து பொத்தான்கள் காத்திருக்கின்றன: பயிர், தரிசு, கருவைக்காடு, நீர், கட்டடம். ஒன்றைத் தொட வேண்டும், ஒரு போட்டோ எடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. இந்த இடத்தைத் தரிசு என்று, சாட்டிலைட் படத்தைப் பார்த்துக் கணிக்கும் எங்கள் கம்ப்யூட்டர் மாடல் ஏற்கெனவே சொல்லிவிட்டது. நானும் தரிசைத் தொட்டால் மாடல் சொன்னது சரி என்று ஆகும். நூற்றுப்பத்தொன்பதில் இதுவரை நூற்றொன்று ஒத்துப்போயிருக்கிறது, இதுவும் ஒத்துப்போனால் மிகச் சரியாக எண்பத்தைந்து சதவீதம், எண்பத்தைந்து இருந்தால் மாடல் பாஸ். இல்லையென்றால் எண்பத்துநாலு சொச்சம், எல்லாம் முதலிலிருந்து. பரீட்சை எழுதிய காலத்தில் கூட இப்படி ஒரு மார்க்கில் தொங்கியதில்லை நான். பாஸானால் இன்னும் இருபது வருஷத்தில் இந்த வட்டாரம் எப்படி ஆகும் என்று நாங்கள் வரைந்த படம் மேலிடத்துக்குப் போகும், அதன் பின்னால் இருபத்திரண்டு ஊராட்சிகளின் பெயர்ப்பட்டியல் போகும், விவசாயத்துக்கு இனி உகந்ததல்ல, வேறு உபயோகத்துக்குப் பரிசீலிக்கலாம் என்ற குறிப்போடு. வேறு உபயோகம் என்றால் சோலார் தகடு. அந்த இருபத்திரண்டில் பதினேழாவது பெயர் வடக்கூரணி. அதை நானே டைப் அடித்தேன், அடிக்கும்போது விரல் ஒன்றும் நடுங்கவில்லை, அதை நினைத்தால்தான் இப்போது என்னவோ போல் இருக்கிறது.

கீழே பார்க்கிறேன். புழுதி. உழுது, மறு உழவும் ஓட்டி, பரம்படித்தது போல அடங்கிக் கிடக்கும் புழுதி. ஒரு புல் இல்லை. விதைத்திருக்கிறாளா இல்லையா? புரட்டாசி கடைசி வாரம். இந்தப் பக்கத்தில் மழைக்கு முன்னாலேயே காய்ந்த மண்ணில் நெல்லைத் தூவி உழுது மூடிவிடுவார்கள், புழுதி விதைப்பு என்பார்கள், மழை வரும்வரை அது உள்ளே கிடக்கும், இருபது நாளோ நாற்பது நாளோ. அது எனக்குத் தெரியாதா? ஆறு வயதில் அக்காவின் பின்னாலேயே நடந்து விதைப்பெட்டியிலிருந்து அள்ளி அள்ளி மென்றவள் நான். அம்மா இறந்துபோன வருஷம் அது, அக்காவுக்குப் பதினெட்டு. முதுகில் ஒன்று வைத்து, தின்னு, தின்னு, ராத்திரி வயித்துல முளைக்கப்போகுது என்றாள். அன்றைக்கு நான் தூங்கவே இல்லை, வயிற்றைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு கிடந்தேன், விடியக்காலம் அவள் கையை எடுத்து என் வயிற்றில் வைத்து, முளைக்கலடி, தூங்கு என்றாள். இதெல்லாம் தெரிந்தவள்தான், சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்து, கள ஆய்வுக்கான விதிகளில் மூன்றாவதாக எழுதினேன்: பயிர் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டுமே பயிர் என்று குறிக்கவும். ஏன் எழுதினேன் என்றும் தெரியும். முதல் கூட்டத்தில் ஜெயசீலன் சார், எங்கள் தலைவர், நல்ல மனிதர்தான், விளையாட்டாகத்தான் சொன்னார், மங்களேஸ்வரி அந்த ஊர்க்காரங்க, எல்லாத்தையும் பச்சையா அடிச்சுட்டு வந்துருவாங்க, பாத்துக்கோங்க. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே அன்றைக்குச் சாயங்காலம் அந்த விதியை எழுதினேன். என் இடத்தில் வேறு ஊர்க்காரர்கள் இருந்திருந்தால் இவ்வளவு கறாராக எழுதியிருக்க மாட்டார்கள், யாராவது ஒருத்தர், மண்ணுக்குள்ள விதை இருந்தா என்ன செய்றது என்று அப்பாவியாகக் கேட்டிருப்பார். எனக்கு அந்தக் கேள்வி வாய் வரைக்கும் வந்தது, பாசத்தில் கேட்கிறாள் என்று நினைத்துவிடுவார்களே என்று விழுங்கிவிட்டேன். வயிற்றில் அது முளைக்கவும் இல்லை, செரிக்கவும் இல்லை.

அக்காவுக்கு என் வேலை என்னவென்று புரியவைக்க ஐந்து வருஷம் முயன்றேன். சாட்டிலைட் படம் பார்க்கிற வேலை என்றதும் அவள் பிடித்துக்கொண்டது ஒன்றைத்தான். ஒவ்வொரு ஆவணி முடிவிலும் போன் வரும். ஏத்தா, சாட்டிலைட்டுல மழை தெரியுதா? அது இல்லக்கா, நான் பாக்குற சாட்டிலைட் கீழே மண்ணைப் பாக்குறது. கீழே பாக்குறது அப்படியே கொஞ்சம் மேலேயும் பாக்கக் கூடாதாக்கும்? அது வேற டிபார்ட்மென்ட் அக்கா. சரி சரி, அந்த டிபார்ட்மென்ட்டுக்காரவுகள நீ பாத்தாக் கேட்டுச் சொல்லு. இப்படியே வருஷா வருஷம் ஓடியது, சலிப்பு மாதிரி பேசுவேனே தவிர அந்த போனுக்காகக் காத்திருப்பேன், உலகத்தில் என்னிடம் மழையைப் பற்றி அபிப்பிராயம் கேட்ட ஒரே ஆள் அவள்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் கேட்டபோது நான் கேன்டீனில் இருந்தேன், பக்கத்தில் வானிலைப் பிரிவுப் பெண் ஒருத்தி, இந்த வருஷம் சீக்கிரமே ஆரம்பிக்குது என்று அப்போதுதான் சொல்லியிருந்தாள், அந்த உற்சாகத்தில், அக்காவுக்கு ஒரு தடவையாவது உபயோகமாக இருக்கிறோமே என்ற பெருமையில், இந்த வருஷம் முந்தியே வருதுக்கா, தைரியமா விதை என்றேன். விதைத்தாள். தெருவெல்லாம் சொன்னாள், என் தங்கச்சி சொல்லிட்டா என்று. தெருவெல்லாம் விதைத்தது, பிறகு ஊரெல்லாம் விதைத்தது. நான் சொன்னபடியே ஒரு சாயங்காலம் மழை வந்தது. நெல் முளைத்தது. அதற்குப் பிறகு இருபத்துமூன்று நாள் சொட்டு இல்லை. மண்ணுக்குள் கிடந்திருந்தால் அது பாட்டுக்குக் காத்திருக்கும், முளைத்த பிறகு காத்திருக்க அதற்குத் தெரியாது. ஊர் முழுக்கக் கருகியது. எனக்கு அதை அக்கா சொல்லவில்லை, பல்லடத்தில் கோழிப்பண்ணை வேலையிலிருக்கும் அத்தான் வேறெதற்கோ பேசும்போது வாய் தவறிச் சொன்னார். அடுத்த ஆவணியில் போன் வந்தது. சாப்டியா என்றாள், தலைமுடி கொட்டுதுன்னியே நின்னுச்சா என்றாள், வச்சுர்றேன் என்றாள். அதற்கு அடுத்த ஆவணியும், இந்த ஆவணியும் அப்படித்தான். மழையைக் கேட்கவில்லை. கேட்காத அந்தக் கேள்விக்குப் பயந்துதான் இரண்டு வருஷமாக ஊர்ப்பக்கமே வராமல் இருந்தேன், லீவ் இல்லை, லீவ் இல்லை என்று.

மூன்று வருஷத்துக்கு முன்னால். இங்கேதான் ஏதோ இடறுகிறது, இங்கே வந்து நின்றதிலிருந்தே இடறுகிறது, இப்போதுதான் என்னவென்று பிடிபடுகிறது. மாடலுக்கு நாங்கள் பழைய படங்களைக் காட்டுவோம். பத்து வருஷத்துக்கு ஒன்று என்று பழையவை மூன்று, பிறகு மூன்று வருஷத்துக்கு முந்தையது ஒன்று, இந்த மாதம் பிறந்ததுமே எடுத்த இந்த வருஷத்தது ஒன்று. எது எதுவாக மாறியிருக்கிறது என்று அது பார்த்துக்கொள்ளும், மாறிய வேகத்திலேயே இன்னும் இருபது வருஷம் ஓட்டி முடிவைச் சொல்லும். எல்லாப் படமும் ஒரே மாதத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும், மேகம் இல்லாமலும் இருக்க வேண்டும், அப்படிக் கிடைத்தது புரட்டாசியில் மட்டும்தான். வடக்கூரணி மட்டும் அந்த வரைபடத்தில் ஒரு விநோதம். பக்கத்து ஊர்களெல்லாம் எப்போதும் போலப் பழுப்பாக இருக்க, இது மட்டும் மூன்று வருஷத்துக்கு முன் பச்சைப் பசேலென்று இருந்து, இந்த வருஷம் மொத்தமாகப் பழுப்பாகி விழுகிறது. இன்ட்ரஸ்டிங் என்றார் ஜெயசீலன் சார், ஒரே அடியாக விவசாயத்தை விட்டுட்டாங்க போல, இந்த வேகத்துல போனா இருபது வருஷத்துல ஒண்ணும் மிஞ்சாது. நான் தலையாட்டினேன். ஐயோ. அந்தப் பச்சை நான் போனில் சொன்ன பச்சை. ஊரெல்லாம் முந்தி விதைத்து முளைத்து நின்ற அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளில் மேலே போன சாட்டிலைட் ஒரு படம் பிடித்துக்கொண்டு போயிருக்கிறது, அடுத்த வாரம் அது கருகியதை அது பார்க்கவில்லை. அக்கா அறுத்து வீடு கொண்டுபோய்ச் சேர்த்த வருஷங்களிலெல்லாம் புரட்டாசியில் இந்த வயல் வெறும் புழுதி, மாடல் அதைத் தரிசு என்றது. எல்லாம் கருகிப்போன ஒரே ஒரு வருஷத்தைத்தான் பயிர் என்றது. தலைகீழாகப் பாடம் படித்திருக்கிறது, படிக்கவைத்தது நான். இந்த ஊரைப் பட்டியலில் சேர்த்தது வறட்சியும் இல்லை, சாட்டிலைட்டும் இல்லை, கேன்டீனில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு நான் சொன்ன ஒரு வார்த்தை. ஊர்க்காரர்களுக்கு இது தெரியாது. தெரிந்தாலும் அக்கா அவர்களிடம் எனக்காகத்தான் பேசுவாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்படியானால் மற்ற புள்ளிகள்? எண்பத்தேழாவது புள்ளி, இதே மாதிரி அடங்கிய புழுதி, ஆள் யாரும் இல்லை, தரிசு என்று தொட்டுவிட்டு நகர்ந்தேன். நாற்பத்திரண்டு. அறுபத்தைந்து. குனிந்து ஒரு விரலால் கிளறிப் பார்த்தேனா? இல்லை, விதி மூன்று இருக்கிறதே. மாடலும் மேலேயிருந்து வெறும் மண்ணைப் பார்த்தது, நானும் கீழேயிருந்து வெறும் மண்ணைப் பார்த்தேன், இரண்டு பேரும் ஒரே தப்பைச் செய்துவிட்டு ஒருவரையொருவர் மெச்சிக்கொண்டிருந்திருக்கிறோம், எண்பத்தைந்து சதவீதம் என்று. இல்லை, இரு, அவசரப்படாதே. இதெல்லாம் உண்மையா, அல்லது இது அக்காவின் வயல் என்பதால் எனக்கு இப்படித் தோன்றுகிறதா? எல்லாத்தையும் பச்சையா அடிச்சுட்டு வந்துருவாங்க. அக்கா இந்த வருஷம் விதைக்காமலேயே விட்டிருந்தால்? உழுது போட்டுவிட்டு, யார் திரும்பப் போராடுவது என்று அத்தானோடு பல்லடம் போய்விட்டிருந்தால்? கிளறிப் பார்த்தால் தெரிந்துவிடும். குனிய வேண்டியதுதான் பாக்கி, குனியத்தான் பயமாக இருக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லையென்றால் மாடல் ஜெயிக்கும், எனக்கு வேலை நீடிக்கும், அக்கா தோற்றிருப்பாள். எதற்கு வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் வெயிலில் நிற்கிறேன்.

"யாரது, பூட்சுக்காலோட நடு வயல்ல நிக்கிறது?"

அந்தக் குரலுக்கு என் முதுகு ஆறு வயதில் நிமிர்ந்த மாதிரியே நிமிர்கிறது. வரப்பில் அக்கா. தலையில் துண்டு, இடுப்பில் செருகிய சேலை, கையில் தண்ணீர் பாட்டில். இளைத்திருக்கிறாள். முன்நெற்றி முழுக்க நரை, போனில் நரை தெரிவதில்லை.

"ஏ... மங்களமா?"

"ஆமாக்கா."

"அடியாத்தீ. வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதா? சோறுகூட வடிக்கல."

"எனக்கே தெரியாதுக்கா. இந்த மிஷின் கூட்டிட்டு வந்துச்சு."

"மிஷினுக்கு நம்ம வயலு தெரியுது. ஒனக்குத்தான் ரெண்டு வருசமா வழி தெரியல." சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரிக்கும்போதே கண் என் கால் பக்கம் போனது. கண்மாய்க் கரையிலிருந்து குறுக்கே நான் நடந்து வந்த தடம் வயலைக் கிழித்துக்கொண்டு கிடந்தது.  அவள் வயலுக்குள் இறங்கிய விதத்தைப் பார்த்தேன், ஒவ்வொரு அடியும் நான் மிதித்த இடத்திலேயே வைத்து வந்தாள். கேட்க வேண்டிய தேவையே இல்லாமல் எனக்கு விடை தெரிந்துவிட்டது, இருந்தாலும் கேட்டேன்.

"விதைச்சிருக்கியாக்கா?"

"விதைக்காம? ஆச்சு, இன்னையோட பத்தொன்பது நாளு."

எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்கக் கருவியைத் தூக்கி ஆகாயத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தேன், அது இப்போது இரண்டு மீட்டர் என்றது. கிட்டத்தில் வந்து அவள் தன் துண்டை எடுத்து என் தலையில் போட்டாள், வெயிலுக்கு. அந்தத் துண்டில் சீயக்காய் வாசனை, அவளுக்கு மாறவே மாறாத ஒரே விஷயம். இப்போது கேட்காவிட்டால் இன்னும் பத்து வருஷத்துக்குக் கேட்க மாட்டேன் என்று தோன்றியது, வாய் தானாகவே கேட்டுவிட்டது.

"என்கிட்ட கேக்கவே இல்லையேக்கா."

"எதை?"

"மழைய."

அக்கா உடைமரத்துப் பக்கம் பார்த்தாள். "நீ வேலையில இருப்ப. அதுக்கும் ஒரு போனா."

"அன்னிக்கு நான் சொன்னது தப்பாப் போச்சுக்கா. ஊரே போச்சு என்னால."

"என்னத்தத் தப்பு? வரும்னு சொன்ன, வந்துச்சு. அப்புறம் நின்னுச்சு. நிக்குமான்னு நான் கேக்கலையே ஒங்கிட்ட."

"பின்ன ஏன் அதுக்கப்புறம் கேக்கல?"

அவள் என் தலையில் துண்டைச் சரிசெய்தாள். "நீ பதில் சொல்லிட்டுத் தூங்க மாட்ட. சின்னதுலேயே அப்படித்தான. இங்கன பயிரு வாடுறதுக்கு அங்கன நீயும் எதுக்கு வாடிக்கிட்டு."

கோபமில்லை. அவள் மழையைக் கேட்காமல் விட்டதைக் கோபம் என்று நினைத்து இரண்டு வருஷமாக நான் ஒளிந்துகொண்டிருந்தேன், அது என் தூக்கத்துக்காகவாம். எண்களைச் சரியாகக் கணக்குப் போடத் தெரிந்த எனக்கு என் அக்காவை மட்டும் ஒரு தடவையும் சரியாகக் கணிக்கத் தெரிந்ததில்லை. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஐந்து பொத்தானையும் காட்டினேன், இருபத்திரண்டு ஊர், சோலார் தகடு, எண்பத்தைந்து, வெள்ளிக்கிழமை, மூன்று வருஷத்துக்கு முந்தைய அந்தப் பச்சைப் படம், எதையும் விடவில்லை. அவள் கண்ணைச் சுருக்கித் திரையை ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் நிலம் அதில் ஒரு சின்னப் பழுப்புக் கட்டமாக இருந்தது. நான் சொல்லி முடித்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்.

"இதுல எதை அமுக்குனா ஒனக்கு நல்லது?"

பதினேழு வயதில் மதுரைக் கல்லூரி விடுதி விண்ணப்பத்தோடு இவள் முன்னால் நின்றேன். வெளியூரில் தங்கிப் படிக்கப் பாதுகாவலர் சம்மதிக்கிறாரா, ஆம், இல்லை, இரண்டு கட்டம். நான் போய்விட்டால் களை எடுக்கவும் வரப்பு வெட்டவும் கூட ஆள் இல்லை இவளுக்கு. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு இதே முகத்தோடு, இதே வார்த்தையில் கேட்டாள், இதுல எதுல டிக்கு அடிச்சா ஒனக்கு நல்லது. நான் ஆம் என்ற கட்டத்தைக் காட்டினேன், அடித்தாள். அவளுக்கு எது நல்லது என்று அந்த விண்ணப்பத்தில் ஒரு கட்டமும் இல்லை, நானும் கேட்டதில்லை. இப்போதும் நான் தரிசைக் காட்டினால் தன் வயலைத் தரிசு என்று தானே அமுக்கிவிடுவாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அமுக்கிவிட்டு, சாப்பிட்டுத்தான் போகணும் என்பாள்.

"எனக்கு நல்லது கெட்டதை விடுக்கா. உள்ள என்ன இருக்கோ அதைத்தான் அமுக்கணும். போட்டோ வேணும்."

குனிந்தேன். விரலால் புழுதியை விலக்கினேன். மேல் மண் சுட்டது, இரண்டு விரற்கடை உள்ளே போனதும் சூடு குறைந்து, அங்கே அவை கிடந்தன, ஒன்று, இரண்டு, ஐந்து நெல். மண்ணின் நிறத்திலேயே இருந்தன. போன் கேமராவில் பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை, புழுதிக்குள் புழுதி. கொஞ்சம் நனைத்தால் நெல் பளிச்சென்று தெரியும் என்று தோன்றியது, அக்கா கையிலிருந்த பாட்டிலை வாங்கி மூடியைத் திறந்து சாய்த்தேன்.

என் மணிக்கட்டை அவள் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது.

"ஊத்தாத! முளைச்சுத் தொலைக்கும்."

"அஞ்சு நெல்லுதானக்கா."

"அஞ்சுன்னா? முளைச்சிட்டு அப்புறம் குடிக்கத் தண்ணிக்கு அது எங்க போகும்?"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது எதைத் தொடுகிறது என்று அவளுக்கு உறைத்திருக்க வேண்டும், பிடியைத் தளர்த்தி என் கையைத் தடவிக்கொடுத்தாள். நான் பாட்டிலை மூடினேன். அவளே உட்கார்ந்து அந்த ஐந்து நெல்லையும் பொறுக்கி, ஊதி, தன் உள்ளங்கையில் வைத்து நீட்டினாள், இப்பப் பிடி படம். காய்ப்பேறிய அந்த உள்ளங்கையில் அவை தெளிவாகத் தெரிந்தன. எடுத்தேன். பயிர் என்பதைத் தொட்டேன். திரையின் மூலையில் எண் மாறியது, எண்பத்துநான்கு புள்ளி இரண்டு, சிவப்பு நிறத்தில். குறிப்பு என்ற இடத்தில் எழுதினேன்: நிலத்தில் விதை இருக்கிறது. விதி மூன்று தவறு, அதை எழுதியவள் நான். நாற்பத்திரண்டு, அறுபத்தைந்து, எண்பத்தேழு முதலான புள்ளிகளை மறுபடி பார்க்க வேண்டும். வடக்கூரணியின் பழைய பச்சை விளைச்சல் இல்லை, கருகிய பயிர். இது என் அக்காவின் நிலம், ஆகவே வேறு ஒருவரும் வந்து தோண்டிப் பார்க்கட்டும். வெள்ளிக்கிழமை அறிக்கை போகாது. ஜெயசீலன் சார் போன் செய்வார், என்னம்மா இப்படிக் கவுத்துட்ட என்பார். பயிர் விளைந்து நிற்கும் தை மாதப் படங்களாகத் தேடி, மேகத்தை ஒவ்வொன்றாக நீக்கி, எல்லாவற்றையும் திரும்பச் செய்ய ஒரு வருஷம் ஆகும், அதுவரை என் வேலை இருக்குமா என்பது அந்த மாடலுக்கும் தெரியாது. அனுப்பு என்பதை அமுக்கினேன். வயிற்றில் ரொம்ப நாளாகக் கிடந்த ஒன்று இறங்கிய மாதிரி இருந்தது.

அக்கா அந்த ஐந்து நெல்லையும் எடுத்த குழியிலேயே போட்டு மண்ணைத் தள்ளி மூடி, உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினாள். கரையில் ஜீப் வந்து ஹாரன் அடித்தது.

"சோத்துக்கு?" என்றாள்.

"நாளைக்கு வர்றேன்க்கா. இந்தப் பக்கம் இன்னும் நிறையத் தோண்டிப் பாக்கணும். டிரைவர் அண்ணனை அனுப்பிட்டு உங்கூடத்தான் தங்கப்போறேன், ரெண்டு மூணு நாளைக்கு."

"நாளைக்குன்னா மீனு சொல்லி வைக்கிறேன்." அவள் குரலில் சந்தோஷம் வெளிப்படையாகத் தெரிந்தது, அதை அவள் மறைக்கவும் இல்லை. "போறப்ப வந்த தடத்துலேயே காலை வச்சுப் போத்தா. புதுசா மிதிக்காத."

ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். என் தடங்கள் கண்மாய்க் கரை வரைக்கும் நீண்டிருந்தன, அவற்றின் மேலேயே கால் வைத்து நடந்தேன், புழுதி சுட்டது. பத்துப் பதினைந்து அடி போயிருப்பேன். பின்னாலிருந்து அக்கா கூப்பிட்டாள்.

"ஏத்தா!"

திரும்பினேன். உடைமரத்தடியில் டப்பாவைத் தட்டும் குச்சியோடு நின்றுகொண்டிருந்தாள். கொஞ்சம் தயங்கினாள், கேட்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகம் அவ்வளவு தூரத்திலிருந்தும் எனக்குத் தெரிந்தது.

"மழை எப்படி?"

 வானிலைப் பிரிவு அனுப்பிய காகிதம் பையில்தான் இருக்கிறது, இயல்பை ஒட்டி, சற்றுக் குறைவாகவும் இருக்கலாம் என்று ஒரு வரி, அந்த வரிக்கு எந்தப் பக்கமும் அர்த்தம் சொல்லலாம்.

"தெரியலக்கா."

"சாட்டிலைட்டுலயுமா?"

"சாட்டிலைட்டுலயும் தெரியல."

அக்கா சிரித்தாள். "அப்பச் சரி. தெரிஞ்சா எதுக்குப் புழுதியில போடுறோம்," என்று சொல்லிக்கொண்டே வரப்பில் வந்து நின்ற மயிலைப் பார்த்து டப்பாவைத் தட்டத் தொடங்கினாள். நான் அடுத்த தடத்தில் கால் வைத்தேன். ஷூ பதிந்திருந்த குழிக்குள் என் வெறுங்கால் சுற்றிலும் இடம் மிச்சம் விட்டு அடங்கியது.